அதல பாதாளத்துக்கு என்ன சிங்களம்?

ரூபாய் அதல பாதாளத்துக்குப் போய்விட்டது என்று வானொலியில் சொன்னார்கள். நெல் விலை அதல பாதாளத்துக்குப் போய்விட்டது என்று பால் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று சொன்னார். எங்கள் கிரிக்கெட் அணி அங்கே போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது. பக்கத்து வீட்டுப் பெடியன் கணிதத்தில் அங்கேதான் இருக்கிறானாம், அவனுடைய தாயே மதிலுக்கு மேலால் எட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னாள். இந்த ஊரில் இருக்கிற எல்லாமும் ஒருமுறையாவது அந்தப் பாதாளத்துக்குப் போய்வந்துவிட்டன போலிருக்கிறது. எல்லாரும் அந்தச் சொல்லை வெற்றிலை மெல்லுவது போல் மெல்லுகிறார்கள். எனக்கு மட்டும் அது வாயில் வருவதில்லை.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்திலும், நீதிபதி சிங்களத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை. எந்த நீதிமன்றம் என்று எழுதப்போவதில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையா, மேற்கே படுவான்கரையா என்றும் யாரும் கேட்க வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இதை எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. இப்போது அந்த வேலையில் இருக்கும் ஒரு பிள்ளை போன கிழமை கூப்பிட்டாள்.

"மிஸ், சாட்சி 'நெல் விலை அதல பாதாளத்துக்குப் போயிட்டுது' எண்டு சொன்னா அதுக்கு என்ன சிங்களம்? போனில போட்டுப் பாத்தன். 'பாதாலய' எண்டு வருது."

இன்றைய சிங்களப் பேச்சில் 'பாதாலய' என்றால் மிரட்டிக் கப்பம் வாங்குகிற, ஆட்களைச் சுடுகிற கூட்டம்.

"அப்ப உன்ர சாட்சியின்ர நெல் விலை கப்பக்காரரோட போய்ச் சேந்திட்டுது" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. இது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்குமாக எழுதுகிறேன்.

எனக்குச் சிங்களம் வந்தது படித்து அல்ல. அப்பா பொலன்னறுவையில் புகையிரதப் பகுதியில் வேலை செய்தார். அங்கே தெருவில் விளையாடிய பிள்ளைகளோடு சண்டை போட்டே அந்த மொழியைப் பிடித்தேன். வாய்ச்சண்டைக்கு உதவிய மொழி சோறு போடும் என்று அப்போது தெரியவில்லை. பரீட்சை எழுதினேன், நியமனம் வந்தது, தலைமை மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் ஒரு கதிரையில் என்னை உட்கார்த்தி வைத்தார்கள். அந்தப் பதவிக்கு முதலியார் என்று பெயர். எங்கள் முதலியார் அருளம்பலம் ஐயா.

அவர் கண்டிப்பானவர் என்று சொன்னால் போதாது. சாட்சி நிற்கும்போது தானும் நிற்பார். சாட்சி முணுமுணுத்தால் அவரும் முணுமுணுப்பார், சாட்சி அதட்டினால் இவரும் அதட்டுவார். ஆனால் சாட்சி அழுதால் அழமாட்டார், குரலை அப்படியே நிறுத்தி வைத்துக் காத்திருப்பார். நீதிமன்றத்துக்குள் ஒரு நாளும் எங்களைத் திருத்தியதில்லை. தேநீர் வேளைக்கு வைத்துக்கொள்வார். மேசையில் வைத்த என் கோப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். இழுத்தால் நான் அன்று ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். பிழையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்த பிறகுதான் கோப்பை திரும்பி வரும். முதல் வருஷம் முழுக்க நான் ஆறின தேநீர்தான் குடித்தேன். மனதுக்குள் அவரை எவ்வளவு ஏசினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இரண்டு விதிகளை அவர் எங்கள் தலையில் ஏற்றினார். ஒன்று, சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். 'அவர் சொல்கிறார்' என்று இழுக்காதே. இதற்குப் பழக நாள் எடுத்தது. நான் களவெடுத்தேன், நான் வெட்டினேன், நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எத்தனையோ பேரின் குற்றத்தையும் பயத்தையும் என் வாயால் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது சில நாட்களில் யாருடைய முகத்தைக் கழுவுகிறேன் என்றே இருக்கும்.

மற்றது, இரண்டு பொருள் உள்ள சொல்லுக்கு இரண்டு பொருள் உள்ள சொல்லையே கொடு. ஒன்றை வெட்டி எறிய உனக்கு அதிகாரம் இல்லை. வெட்டுவது நீதிபதியின் வேலை. அவர் கேட்டால் விளக்கம் சொல். கேட்காமல் விட்டு, அதனால் ஆபத்து வரும் என்று உனக்குத் தெரிந்தால், அனுமதி கேட்டுச் சொல். இதுதான் அந்த விதி. கேட்கச் சுலபமாக இருக்கும்.

என்னோடு வேலை பழகிய இன்னொருவர் ஒரு நாள் இதில் அகப்பட்டார். வாவியில் மீன்பிடிக்கிற ஒருவர் தன் வலைகளைப் பக்கத்து வீட்டான் அறுத்துப்போட்டான் என்று வழக்கு வைத்திருந்தார். சாட்சிக்கூண்டில் ஏறி, "இவன் என்ர வயித்தில அடிச்சிட்டான் ஐயா" என்றார். நம் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே எடுத்து, வயிற்றில் குத்தினான் என்று சிங்களத்தில் வைத்தார். மற்றப் பக்கச் சட்டத்தரணி துள்ளி எழும்பினார். எங்கே வைத்திய அறிக்கை, எந்தக் கையால் குத்தினான், எத்தனை குத்து என்று சாட்சியைப் பிடித்து உலுப்பத் தொடங்கிவிட்டார். மீன்காரர் வாய் பிளந்து நின்றார். முதலியார் எழும்பி, நீதிபதியைச் சிங்கள வழக்கப்படி 'சுவாமினி', பிரபுவே, என்று விளித்து, "இந்தச் சாட்சி சொல்லும் வயிறு அடுப்படியில் இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். நீதிபதிக்கு உடனே விளங்கிவிட்டது. மன்றம் முழுக்கச் சிரித்தது, மீன்காரரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

அன்று தேநீர் வேளையில் முதலியார் எவருடைய கோப்பையையும் இழுக்கவில்லை. "இண்டைக்குச் சிரிச்சாங்க. எல்லா நாளும் சிரிக்கமாட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

யோகம்மாவின் வழக்கு வந்தபோது அவர் ஓய்வுக்குக் கிட்டத்தில் இருந்தார். வேலையை எங்களிடம் விட்டுவிட்டுப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்பார். அது கொலை வழக்கு. இறந்தவர் யோகம்மாவின் கணவர் குணம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், யோகம்மாவின் கூடப்பிறந்த தம்பி நேசன். குணமும் நேசனும் சேர்ந்து வாவியோரத்தில் இறால் வளர்த்தார்கள். இறால் குளங்களுக்குப் பக்கத்தில் நன்னீருக்கென்று வெட்டிய கிணறு ஒன்று இருந்தது, சுற்றிவரக் கட்டு இல்லை. ஒரு நாள் பின்னேரம் இருவருக்கும் வாய்த்தர்க்கம் நடந்ததை அயலில் உள்ளவர்கள் கேட்டிருக்கிறார்கள். விடிந்தபோது குணம் அந்தக் கிணற்றுக்குள் கிடந்தார்.

கிணற்றிலிருந்து உடலை எடுத்த கையோடு பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் யோகம்மாவிடம் வாக்குமூலம் எடுத்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். எழுதியது சிங்களத்தில். அவள் அழுதழுது சொன்னதை அவர் எழுதி, வாசித்துக் காட்டினேன் என்றும் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். அதன் பலத்தில் நேசனைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். வழக்கு எடுபட வருஷங்கள் போயின. அரச தரப்புச் சாட்சி எதிரியைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, யோகம்மா ஒருமுறைகூடச் சிறைப்பக்கம் போகவில்லை. தம்பியை ஏன் பிடித்தார்கள் என்றால், அன்று பின்னேரம் சண்டை பிடித்தவன் என்பதற்காக என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். அக்காவும் தம்பியும் அந்தக் காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

நீதிபதி வெளி மாவட்டத்தவர், தமிழ் தெரியாது. பொறுமையான மனிதர். யோகம்மாவைக் கூப்பிட்டபோது அவள் எதிரிக்கூண்டைப் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்து வந்து ஏறினாள். வெளிறின நீலச் சேலை. கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அரச சட்டத்தரணி பெயர், ஊர், கலியாணம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். உங்கள் தம்பி உங்கள் கணவருக்கு என்ன செய்தார் என்று இந்த மன்றுக்குச் சொல்லுங்கள்.

நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"அவன்தான் ஐயா அவர அதல பாதாளத்தில தள்ளிப்போட்டான்" என்றாள் யோகம்மா.

எங்கள் ஊரில் ஒருவர் வாயில் இந்த வார்த்தை வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நன்றாக இருந்தவனை இருந்தாற்போல் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான் என்று அர்த்தம். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. கிணற்றுக்குள் ஒரு பிணம் கிடந்திருக்கிறது. கூண்டில் ஒருவன் நிற்கிறான். இங்கே தள்ளினான் என்றால் தள்ளினான்தான்.

கெடுத்துவிட்டான் என்று சொன்னால் நான் அவளுடைய வாக்கை வெட்டினவள் ஆவேன். கிடங்கில், அதாவது குழியில், தள்ளினான் என்று சொன்னால் ஒருவனுடைய கழுத்தை வெட்டினவள் ஆவேன். சிங்களத்தில் 'அகாதய' என்று ஒரு சொல் உண்டு. அடி காணமுடியாத ஆழம். விலை விழுந்தாலும் குடும்பம் விழுந்தாலும் அவர்கள் அகாதயவில் விழுந்தது என்றுதான் சொல்வார்கள். மனிதன் உண்மையாகவே விழக்கூடிய பள்ளத்துக்கும் அதே சொல்தான். இரண்டு பொருளுக்கு இரண்டு பொருள். அதை எடுத்து வைத்தேன்.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்காமல் யோகம்மாவைப் பார்த்தார்.

"எந்த அகாதய?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவர் கேட்டது அவளை, என்னை அல்ல. விளக்கம் சொல்ல எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. அவளுடைய சொல்லாலேயே திருப்பிக் கேட்டேன். "எந்தப் பாதாளம் எண்டு கேக்கிறார்."

அவள் எனக்குத்தான் பைத்தியம் என்பது போல் பார்த்தாள்.

"என்ன புள்ள கேக்கிற? இறால்தான்."

அந்த ஒரு சொல்லை நான் சிங்களத்தில் சொன்னபோது மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விபரமாகச் சொல்லச் சொன்னார். யோகம்மா சொல்லத் தொடங்கினாள், நான் பின்னால் 'நான்', 'எங்கள்' என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"எங்களுக்கு வயல் வட்டை இருந்தது ஐயா, அவர்ர தகப்பன் குடுத்த வட்டை. ரெண்டு போகமும் விதைச்சம். இவன்தான் வந்து அத்தான், இறால் போடுவம், இறால் போடுவம் எண்டு பிடிச்ச பிடியில நிண்டான். அவர் ஒண்ணா, வேணாம் எண்டுதான் சொன்னவர். மறுகா இவனுக்காக ஓம் பட்டார். மெசினக் கொண்டு வந்து வட்டையத் தோண்டிக் குளமாக்கினாங்க. ஆத்து உப்புத்தண்ணிய அதுக்குள்ள விட்டாங்க. முதல் தரம் நல்லா வந்துது. அடுத்த தரம் வெள்ளைப் புள்ளி நோய் வந்து எல்லா இறாலும் ஒரேயடியாச் செத்து மிதந்துது. நாத்தம் வீட்டுக்குள்ள வந்திட்டு. அதோட எல்லாம் போயிட்டு. உப்பேறின நிலத்தில நெல்லும் விதைக்கேலாது. அவர் ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல. குளத்துக் கட்டில போய்க் குந்திக்கொண்டே இருப்பார். அதத்தான் சொன்னன் ஐயா. வேற என்ன சொல்ல?"

நிலம் எப்படி விழுந்ததோ அப்படித்தான் மனிதனும் விழுந்திருக்கிறார். கிணற்றுக்குள் அவர் எப்படிப் போனார், கால் தவறியா வேறு விதமாகவா என்பது அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அரச சட்டத்தரணி விடவில்லை, விடவும் முடியாது, அது அவருடைய வேலை. பொலிஸ் வாக்குமூலத்தை எடுத்து, நீங்கள் அன்று இப்படிச் சொன்னீர்களா என்று சிங்களத்தில் வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். என் தம்பி என் கணவரை ஆழமான கிடங்கு ஒன்றில் தள்ளினான்.

அந்த சார்ஜன்ட் கெட்ட மனிதர் என்று நான் எண்ணவில்லை. அவர் காதுக்குப் பிடிபட்டது 'தம்பி', 'பாதாளம்', 'தள்ளினான்'. கண்ணுக்கு முன்னால் கிணறு இருந்தது. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரை அன்று பக்கத்தில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, ஆளோடு அல்ல, வேறு யாரோடென்று சொல்லத் தெரியவில்லை.

"கிடங்கா?" என்றாள் யோகம்மா. "எந்தக் கிடங்கு?" பிறகு நீதிபதியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "புள்ள, கிணத்தயா சொல்றாங்க?"

மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்குப் பதில் சொல்லக் கூடாது. அவள் என்னைக் கேட்ட கேள்வியையும் மன்றுக்கு மொழிபெயர்க்க வேண்டும், மன்று தருகிற பதிலை அவளுக்குக் கொண்டுவர வேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் நீதிபதியின் பக்கம் திரும்பி, "கிணற்றையா சொல்கிறார்கள்?" என்று சிங்களத்தில் சொன்னேன். ஆம், கிணற்றைத்தான் என்றார் நீதிபதி. அவளிடம் திரும்பினேன்.

"ஓம். கிணத்தத்தான்."

அப்போதுதான் அவள் முதல்முறையாக எதிரிக்கூண்டைப் பார்த்தாள். தம்பி உள்ளே கிடந்த காலமெல்லாம் எதனால் கிடந்தான் என்று அந்த இடத்தில், என் வாயால், அவளுக்குத் தெரியவந்தது.

"தம்பி, நான் அப்பிடிச் சொல்லல்லடா" என்றாள். "நான் அப்பிடிச் சொல்லல்ல."

அது கேள்விக்குப் பதில் அல்ல. ஆனாலும் சாட்சிக்கூண்டில் நின்று சொன்னது. விதிப்படி நானும் சொல்ல வேண்டும். 'மல்லி' என்றால் தம்பி. மல்லி, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. முதலியார் பின்வாங்கில் இருக்கிறார் என்று தெரிந்தும் உடைந்தது. நேசன் தலையை நிமிர்த்தவே இல்லை.

அதற்குப் பிறகு வழக்கு அதிகம் நிற்கவில்லை. வாக்குமூலத்தை விலக்கிவிட்டால் ஒரு வாய்த்தர்க்கம்தான் மிச்சம். வாய்த்தர்க்கத்தை வைத்து ஒருவனைக் கொலைகாரன் ஆக்க முடியாது என்று நீதிபதி நேசனை விடுதலை செய்தார்.

வழக்கு நடக்கும்போது நாங்கள் எவரோடும் பேசக் கூடாது. முடிந்துவிட்டதால் நான் விறாந்தையில் நின்றேன். நேசன் தானாகத் தேடி வந்தான். வயதுக்கு மீறிய நரை, வெயில் படாத நிறம்.

"மிஸ்தானே அக்காட கதையச் சொன்னது?"

"ஓம்."

"உள்ளுக்க இருந்து சிங்களம் பழகிட்டன். நீங்க சொன்னதெல்லாம் விளங்கிச்சு. ஒரு பிழையும் இல்ல."

"இவ்வளவு நாளும் ஏன் தம்பி பேசாம இருந்தனீங்கள்? நான் தள்ளல்ல எண்டு லோயரிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லயில்ல மிஸ். லோயர் முதல் நாள் வந்து, உன்ர அக்காதான் சொல்லியிருக்கிறா, நீ தள்ளினனி எண்டு, எண்டார். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு சொன்னன். மறுகா ஒண்டும் கதைக்கயில்ல." வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். "வட்டையத் தோண்டச் சொன்னது நான்தானே. அத்தான் எனக்காகத்தானே ஓம் பட்டவர்."

"அது வேற, இது வேற."

"வேற இல்ல மிஸ். கிணத்தில தள்ளினா அதுக்குச் சட்டம் இருக்கு. அக்கா சொன்னதுக்குச் சட்டம் இல்ல. அதால விட்டுட்டாங்க, அவ்வளவுதான்."

முன்வாசலில் யோகம்மா ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவனுக்கு வாங்கிய புதுச் சாரமும் சேட்டும் இருந்தது வெளியே தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பின்பக்கத்துப் படியால் இறங்கி, வாவிப்பக்கத்து ஒழுங்கையால் போய்விட்டான். அவள் பொழுதுபடும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

முதலியார் அன்று என் கோப்பையைத் தன் பக்கம் இழுக்கவில்லை. தன் கையால் என் பக்கம் நகர்த்தி வைத்தார். "பிழை இல்ல. குடி" என்றார். தேநீர் சூடாகத்தான் இருந்தது. ஆறும் வரைக்கும் நான் அதைத் தொடவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். மகள், 'அகாதய' என்று சொல். சொல்லிவிட்டு நீதிபதி கேள்வி கேட்கிறாரா என்று பார். கேட்கவில்லை என்றால் அனுமதி கேட்டு எழும்பி, இது எங்கள் ஊரில் பேச்சுவழக்கு என்று சொல். யார் முறைத்தாலும் சொல். போனைப் பைக்குள் வை. ஆனால் சரியாகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே. நானும் சரியாகத்தான் சொன்னேன்.

யோகம்மாவை அதற்குப் பிறகு நான் காணவில்லை, இந்தச் சித்திரைக்கு முன்னால் காணும் வரைக்கும். காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அந்தக் கோட்டுப் புள்ளதானே?"

எனக்கே அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு நான் இன்னும் பிள்ளை. மகளுக்குக் கலியாணம், அதற்குச் சேலை எடுக்க வந்தாளாம். நான் கேட்கலாமா விடலாமா என்று யோசிக்க முன்னமே அவள் தானாகச் சொன்னாள்.

"தம்பி பாசிக்குடாவில ஒரு ஓட்டலில புல்லு வெட்டுறானாம். கலியாணத்துக்குச் சொல்லியனுப்பினன். வாறன் எண்டும் சொல்லல்ல, வரல்ல எண்டும் சொல்லல்ல." சேலையின் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "வட்டை அப்பிடியேதான் கிடக்குகா. ஒண்டும் முளைக்கிறல்ல."

கடைக்காரத் தம்பி நல்ல கலகலப்பான பேர்வழி. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சேலைகளை உதறி உதறி விரித்தார். யாரோ வாசலில் நின்று யாவாரம் எப்படி என்று கேட்டார்கள்.

"என்னத்தச் சொல்ற, யாவாரம் அதல பாதாளத்துக்குப் போயித்து" என்றார் அவர், சிரித்துக்கொண்டு.

யோகம்மாவின் கை சேலையில் அப்படியே நின்றது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அவள் சேலையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, கடைக்காரரின் பக்கமாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லாதீங்க மனே. எழுதிப்போடுவாங்க."

அவர் பகிடி என்று எண்ணி இன்னும் பலமாகச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த சேலையை எடுத்து விரித்தார்.